செல்வந்தர் வாகனமும் கடலோர உற்பத்தி உறவுகளும்: கற்பிட்டியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

செல்வத்தின் மிக எளிய அடையாளமாக எமது காலத்தில் மோட்டார் வண்டி கொள்ளப்படுகின்றது. ஒருவரது வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியைக் கொண்டு அவரது வருமானத்தை மட்டுமன்றி, அவரது பண்பு, இரசனை, செல்வாக்கு ஆகியவற்றையும் கணித்துவிடுவோர் பலர். எமது முற்போக்குப் புனைகதைகளும் இப்பழக்கத்துக்கு விலக்கானவையல்ல. எத்தனையோ சிறுகதைகளிலே சுரண்டுவோன் காரில் வந்து இறங்குகிறான். சுரண்டப்படுவோன் புழுதியில் ஒதுங்கி நிற்கிறான். இக்காட்சியை வர்க்க நோக்கின் சான்றாக நாமும் எமது விமரிசனங்களிற் பாராட்டியுள்ளோம். அப்பாராட்டு எவ்வளவு தூரம் பொருத்தமானது என்னும் ஐயமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

செல்வந்தர் எவ்வகை வாகனத்தைத் தெரிவு செய்கின்றனர் என்னும் வினாவுக்கு மேலைநாட்டுச் சிந்தனையில் இரு வகையான விடைகள் உள்ளன. முதலாவது, தோஸ்ரீன் வெப்ளன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1899இல் வெளியிட்ட ‘ஓய்வு வர்க்கம் பற்றிய கோட்பாடு’ என்னும் நூலிலே கூறிய விடை. செல்வம் பெற்றிருந்தால் மட்டும் மதிப்பு வந்துவிடாது, அது பிறர் கண்ணிற் படவேண்டும் என்பது அவர் வாதம். இரண்டாவது விடை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அதே நாட்டில் எழுந்தது. 1996இல் தோமஸ் ஸ்ரான்லியும் வில்லியம் டாங்கோவும் எழுதி வெளியிட்ட, அயல்வீட்டு இலட்சாதிபதியைப் பற்றிய நூல், உண்மையான செல்வந்தரிற் பலர் சாதாரண வண்டிகளையே ஓட்டுகின்றனர் என்றும், சிக்கனமே அவர்தம் செல்வத்தின் வேர் என்றும் வாதிட்டது.

இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், ஓரிடத்திற் கைகோத்துக் கொள்கின்றன. இரண்டும் செல்வந்தரின் மனத்தையே ஆராய்கின்றன. ஒன்று அம்மனத்திலே பகட்டைக் காண்கிறது. மற்றது சிக்கனத்தைக் காண்கிறது. அச்செல்வம் எவரது உழைப்பிலிருந்து, எவ்வகை உறவுகளினூடாகத் திரண்டது என்ற வினா இரண்டிலும் பின்தள்ளப்படுகின்றது. வாகனத் தெரிவை இரசனையின் வரலாறாக அன்றி உபரி திரட்டப்பட்ட முறைகளின் வரலாறாக நோக்குவதே எமது முயற்சி. இதற்கு வடமேற்குக் கரையோரத்திலுள்ள கற்பிட்டித் தீபகற்பத்தை எடுத்துக்கொள்கின்றோம். ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த இச்சிறு நிலப்பரப்பில், வாகனங்கள் மாறிய வரலாற்றையும் உடைமை மாறிய வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது எளிது.

2

மோட்டார் வண்டி வருமுன் இப்பிரதேசத்தின் செல்வம் நீரின்மீதே நகர்ந்தது. ஒல்லாந்தர் 1667 தொடக்கம் 1676 வரையான காலப்பகுதியிலே கற்பிட்டியிற் கோட்டை கட்டியமைக்கு இதுவே காரணம். கண்டி இராச்சியத்தின் கடல் வாணிபத்துக்கு வாயிலாகப் புத்தளம் விளங்கியது. புத்தளக் களப்பினுள் நுழையும் கலங்களோ கற்பிட்டியைக் கடந்தே செல்லவேண்டும். கோட்டையை உடையவன் வாயிலை உடையவனானான். பின்னர் கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் ஆகியவற்றை இணைத்த கால்வாய்வழியே உப்பும் கருவாடும் கொப்பறாவும் தட்டைப் படகுகளிலே சென்றன. பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. எனவே அக்காலத்துச் செல்வாக்கு என்பது தோணிகளின் எண்ணிக்கையாலும், அரச உத்தியோகத்தாலும், குத்தகை உரிமைகளாலும் அளக்கப்பட்டது.

இவ்வுலகின் அறிவுப் பிரதிநிதியாகக் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியைக் (1807–1860) கொள்ளலாம். 1834இல் வெளிவந்த அவரது ‘இலங்கை அகராதி’ எனத்தக்க இடவிவர நூலும், 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூராக்’கும் இலக்கிய மாணவர்க்கு நன்கறிமுகமானவை. சட்டநிரூபண சபையிலும் அவர் அங்கம் வகித்தார். வணிகக் குடியொன்றிலிருந்து குடியேற்ற நிர்வாகத்தின் படிகளில் ஏறிய ஒருவரது வாழ்வு அது. அவருடைய சமூகத்தில் மதிப்புத் தரும் ‘வாகனம்’ பதவியே எனின் தவறாகாது.

3

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது. 1904இலேயே மோட்டார் வண்டி உடையோர்க்கெனக் கொழும்பில் ஒரு சங்கம் அமைந்துவிட்டது என்பது அவ்வகுப்பினரின் வேகத்தைக் காட்டும். 1926இல் புகைவண்டிப் பாதை புத்தளத்தை எட்டியது. ஆயினும் தீபகற்பத்தினுள் அது நுழையவில்லை. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரையுள்ள ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தைப் பெருவீதியே தாங்கவேண்டியிருந்தது. புகைவண்டியில் முதலாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே பாதையில், ஒரே நேரத்திற் செல்கின்றன. வீதியிலோ வகுப்புகள் தனித்தனி வாகனங்களாகப் பிரிந்து நிற்கின்றன.

வாகனத்தை வாங்கும் வருவாயைத் தந்தது தென்னை. புத்தளம், குருநாகல், கொழும்பு மாவட்டங்களை உள்ளடக்கிய தென்னை முக்கோணத்தின் வடமேற்கு முனையிலே இப்பகுதி அமைந்துள்ளது. தேயிலையைப்போலத் தென்னை முற்றாக அந்நியரின் கையில் இருக்கவில்லை. சுதேச உடைமையாளரே இதிற் பெரும்பங்கினர். சாராயக் குத்தகை, தோட்டம், நகரச் சொத்து ஆகியவற்றின் வழியே சுதேச முதலாளி வர்க்கம் உருவானமையைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். இவ்வர்க்கத்தின் இயல்புகளில் ஒன்று, உடைமை ஓரிடத்திலும் வாழ்வு வேறிடத்திலும் அமைவது. தோட்டம் கரையோரத்தில், வீடும் பிள்ளைகளின் கல்வியும் அரசியலும் நகரத்தில். இவ்விரு உலகுகளையும் இணைக்க அவர்க்கு ஒரு கருவி தேவைப்பட்டது. மோட்டார் வண்டி முதலில் நிறைவு செய்தது இத்தேவையையே. ஆடம்பரம் அதன்மேற் படிந்தது.

அவ்வண்டி ஒஸ்ரினாகவோ மொரிஸாகவோ இருந்தமையும் தற்செயலன்று. 1932இல் ஒட்டாவாவில் நடைபெற்ற பேரரசுப் பொருளாதார மாநாடு, பேரரசினுட் செய்யப்பட்ட பண்டங்களுக்குத் தீர்வைச் சலுகை வழங்கும் கொள்கையை வகுத்தது. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர், சுதந்திரம் பெற்ற அதே ஆண்டின் வண்டி என்பதும் கருதத்தக்கது. 1950–51இல் கொரிய யுத்தத்தால் ஏற்றுமதி விலைகள் ஏறியபோது தோட்ட உடைமையாளர் கையிற் பணம் புரண்டது. அரசியற் சுதந்திரம் கிட்டிவிட்டது. ஆனால் கொப்பறா மேற்கே செல்ல, அதன் பயன் வண்டியாக மேற்கிலிருந்து திரும்பிவரும் பண்டமாற்று மாறவில்லை. செல்வந்தர் தமது விருப்பத்தின்படி வண்டியைத் தெரிவு செய்ததாகவே எண்ணியிருப்பர். அத்தெரிவின் எல்லைகளோ அவர்க்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தன.

4

1958 ஜனவரி முதலாம் நாள் தனியார் பேருந்துச் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை இயங்கத் தொடங்கிற்று. பொதுமக்கள் பயணத்தைச் சமூக உரிமையாகக் கருதிய முயற்சி என்ற வகையில் அது வரவேற்கத்தக்கது. ஆனால் அதே காலப்பகுதியில் வாகனம் இன ஒடுக்குமுறையின் எழுதுபலகையாகவும் ஆக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து, இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. அவ்வெழுத்தைத் தாங்கிய பேருந்துகள் 1958 மார்ச்சில் வடக்கிற்கு அனுப்பப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. தெற்கிலே தமிழ் எழுத்துகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலிற் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. தொழிலாளி பயணம் செய்த பேருந்தும் முதலாளி பயணம் செய்த காரும் ஒரே எழுத்தைத் தாங்கின. வர்க்கத்தால் பிரிந்தோரை மொழியால் இணைப்பதுபோன்ற தோற்றம் இதனால் இரு பக்கத்தும் ஏற்பட்டது. இடதுசாரி இயக்கம் பின்னர் தடுமாறிய இடங்களில் இதுவும் ஒன்று.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியதும் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாள் உடைமைக்கு உச்சவரம்பு விதித்தது. வயலுக்கு 25 ஏக்கர், தென்னை முதலிய பிற காணிகளுக்கு 50 ஏக்கர். இவ்விரு நடவடிக்கைகளும் தென்னைச் செல்வந்தரின் வாகன வாழ்வை இருபுறமும் நெருக்கின.

இக்காலகட்டத்திலே புதியதொரு தோற்றப்பாடு உருவாயிற்று. பிற நாடுகளில் ஆண்டுக்காண்டு பெறுமதி குறையும் பண்டமான கார், இலங்கையில் விலை குறையாத, சிலவேளை ஏறவுஞ் செய்கின்ற சொத்தாக மாறியது. நகையும் காணியும் போல அது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. சீதனப் பேச்சிலும் இடம்பெற்றது. இருபது முப்பது ஆண்டு வயதுடைய ஒஸ்ரினையும் மொரிஸையும் ஓடச்செய்தவர்கள் திருத்துநர்கள். கிடைக்காத உதிரிப் பாகங்களைக் கடைந்தும் வார்த்தும் அவர்கள் ஆக்கினர். இத்திறன் எத்தகையதெனில், 1990களில் இலங்கையிற் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் உதிரிப் பாகங்கள் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின. செல்வந்தரின் வாகனம் என நாம் அழைப்பது அக்காலத்திற் பெரிதும் திருத்துநரின் படைப்பாகவே இருந்தது. எமது புனைகதைகளில் முதலாளியின் கார் உண்டு. அதனை உயிர்ப்பித்த தொழிலாளிக்கு இடமில்லை.

5

1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் யப்பானிய வண்டிகள் பெருகின. கற்பிட்டி–புத்தளம் பகுதியில் இம்மாற்றத்துக்குத் தனித்துவமான உள்ளடக்கமொன்று இருந்தது. 1980களில் இறால் வளர்ப்பு இக்கரையோரத்தில் வேகமாகப் பரவியது. களப்போரக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டு வளர்ப்புக் குளங்களாயின. ஏற்றுமதிச் சந்தைக்கு உற்பத்தி செய்யப்பட்ட இவ்விறால், தென்னையைப்போல ஆண்டுக் கணக்கிற் காத்திராது சில மாதங்களிலேயே பணமாயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது அதே வேகத்தில் அது சரிந்தது.

தென்னைச் செல்வம் மெதுவானது. அது மொரிஸை இரு தலைமுறை காத்தது. இறாற் செல்வம் விரைவானது. அது பெரிய வண்டியை உடனே நாடியது. 1990களில் ‘பஜேரோ’ என்னும் பெயர் இலங்கையில் ஒரு வண்டியின் பெயராக மட்டும் இருக்கவில்லை. அரசியல்வாதியையும் புதுப் பணக்காரனையும் குறிக்கும் சொல்லாகவே வழங்கிற்று. உயரமான, நாற்சில்லு உந்துவிசையுடைய அவ்வண்டி மணற்பாதைக்கு ஏற்றதே. ஆனால் மணற்பாதையே இல்லாத கொழும்பு வீதிகளிலும் அது விரும்பப்பட்டமையை நோக்கும்போது, அதன் உயரம் பாதையைவிடப் பாதையிலுள்ள மனிதரை நோக்கியே அமைந்தது என்பது தெளிவாகும்.

இதே காலத்திலேதான் இத்தீபகற்பம் பெருந்துயரொன்றையும் ஏற்றது. 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னாரிலிருந்து பலர் படகுகளிலே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவர்களிற் கடை வைத்திருந்தோரும் லொறி வைத்திருந்தோரும் இருந்தனர்; யாவற்றையும் விட்டு வந்தனர். நேற்று வாகன உடைமையாளராயிருந்தவர் இன்று வெங்காயத் தோட்டத்திலே நாட்கூலியாக நின்றார். அகதிமுகாம்களை நோக்கி வெள்ளை நிற லேன்ட் குறூஸர்கள் வரத் தொடங்கின. அவை நிவாரண நிறுவனங்களுடையவை. ஒரே வகை வண்டி இறால் முதலாளிக்கு இலாபமாகவும், நிறுவன அலுவலர்க்குக் கடமையாகவும், முகாமிலிருந்தோர்க்குப் பங்கீட்டு நாளின் அறிகுறியாகவும் பொருள்பட்டது. பொருளின் அர்த்தம் பொருளில் இல்லை, அது நிற்கும் உறவில் உள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த யுத்த ஆண்டுகளின் யாழ்ப்பாணத்தையும் இவ்விடத்தில் ஒப்பு நோக்கலாம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகியபோது அங்கு பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பலர் துவிச்சக்கர வண்டிக்குத் திரும்பினர். அரசியற் சூழல் வாகனத்தின் படிநிலையைத் தலைகீழாக்க வல்லது.

6

தற்காலச் செல்வந்தரின் தெரிவைத் தீர்மானிப்பதில் வரிச்சட்டத்துக்குள்ள பங்கு போதிய அளவு கவனிக்கப்படவில்லை. இலங்கையில் வாகன வரியின் முக்கிய அளவுகோல்களில் ஒன்று இயந்திரத்தின் கொள்ளளவு. 1000 கன சென்றிமீற்றருக்குக் குறைந்த இயந்திரங்களுக்கு வரி குறைவு. கலப்பின்கல வண்டிகளுக்கும் காலத்துக்குக் காலம் சலுகை கிட்டியது. நடுத்தர வகுப்பார் வகன் ஆரையும், சற்று மேலுள்ளோர் ஹொண்டா வெசலையும் நாடியமைக்கு இரசனையை விட இவ்வட்டவணையே காரணம். உச்சத்தில் இருப்போர்க்கு வேறொரு வழி இருந்தது. பாராளுமன்ற உறுப்பினர்க்கும் உயர் அலுவலர்க்கும் தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. அப்பத்திரங்கள் பணமுடையோர்க்குக் கைமாறியதும் நாடறிந்த செய்தி. வரியைச் செலுத்தி வாங்குவது ஒரு வகுப்பு. வரியை விதிப்போரின் கதவால் வாங்குவது இன்னொரு வகுப்பு. அரசு ஆளும் வர்க்கத்தின் பொது விவகாரங்களைக் கவனிக்கும் குழு என மார்க்சும் ஏங்கெல்சும் 1848இற் கூறியதன் சிறியதொரு விளக்கப்படமாக இவ்வனுமதிப்பத்திரத்தைக் கொள்ளலாம்.

கற்பிட்டியின் இன்றைய வீதியிலே இவ்வகுப்புகள் அனைத்தையும் ஒருங்கே காணமுடியும். நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி 900 மெகாவாற் வரை விரிந்த நிலக்கரி மின்நிலையத்துக்குச் செல்லும் அலுவலகக் கெப் வண்டிகள்; ஆலங்குடா, கண்டக்குழிப் பகுதிகளின் விடுதிகளுக்கு வரும் சொகுசு ஜீப்புகள்; மரக்கறி ஏற்றிய சிறு ‘பட்டா’ லொறிகள்; பனிக்கட்டியும் மீனும் சுமந்து இரவிற் புறப்படும் குளிரூட்டிய லொறிகள். 2000களின் பிற்பகுதியில் 14 தீவுகளை உள்ளடக்கிய உல்லாசப் பயணத் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, கரையையும் இறங்குதுறைகளையும் இழக்க நேரும் என மீனவர் எதிர்த்தனர். கடற்கரை வரை தனியார் வண்டி செல்லப் பாதை திறக்கும்போது, கடற்கரை வரை வலை செல்லும் பாதை அடைபடக்கூடும் என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம்.

7

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1960களின் தோற்றப்பாடு மீண்டது. பழைய வண்டிகளின் விலை பன்மடங்காயிற்று. கார் மறுபடியும் சேமிப்பாயிற்று. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்தியது. யூன் 27 தொடக்கம் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமெனக் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் வந்த வாராந்தப் பங்கீட்டில் ஆரம்பத்திற் காருக்கு 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. நெருக்கடி நேரத்தின் ‘சமத்துவமும்’ வாகனப் படிநிலையின்படியே அளந்து ஊற்றப்பட்டது.

கற்பிட்டியைப் பொறுத்தவரை உண்மையான அடி பெற்றோலாற் பட்டதன்று. சிறு கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் இயங்குவன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக, அதாவது ஏறத்தாழ நான்கு மடங்காக, உயர்த்தப்பட்டது. படகுத் தொழிலில் எரிபொருட் செலவைக் கழித்த பின்னரே வருவாயைப் பங்கிடுவது வழக்கம். எனவே விலையேற்றம் படகு உடைமையாளரின் இலாபத்தை மட்டும் தாக்கவில்லை. கூலியாகப் பங்கு பெறும் கடற்றொழிலாளியின் பங்கையும் பிரிப்பதற்கு முன்னரே விழுங்கியது. அந்நியச் செலாவணியின் ஒரு பகுதி பல்லாண்டு காலம் வாகனமாகவும் அவ்வாகனம் குடிக்கும் எரிபொருளாகவும் வெளியேறியது. வெளியேறியதன் கணக்கு தீர்க்கப்பட்டபோது, காரையே கொண்டிராதவரும் அதற்குத் தம் பங்கைச் செலுத்தினர்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் ஜனாதிபதி செயலகத்துக்குரிய சொகுசு வாகனங்கள் சில ஏலம் விடப்பட்டன. ஆட்சியாளரின் பகட்டுக்கு எதிரான மக்கள் சீற்றத்துக்கு மதிப்பளித்த செயல் என்ற அளவில் அதனை வரவேற்கலாம். எனினும் ஏலத்தில் வாங்குவோரும் வாங்கத்தக்கோரே. வண்டி கைமாறியது, அதனை வாங்கும் ஆற்றல் எங்கே குவிந்துள்ளதோ அங்கேயே இருக்கின்றது.

8

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். இக்கரையோரத்திலே உபரியைத் திரட்டுவோரில் முக்கியமானவர் சம்மாட்டி. படகும் வலையும் வாடியும் அவருடையவை. தொழிலில்லாக் காலத்தில் முற்பணம் தருபவரும் அவரே. அம்முற்பணத்தாற் பிடிக்கப்பட்ட மீன் அவரது விலைக்கே அவரிடம் சேர்கின்றது. அவருக்கு மேலே கொழும்பின் சென் ஜோன்ஸ் சந்தையிலும் பின்னர் பேலியகொடையிலும் விலையைத் தீர்மானிக்கும் பெரு வணிகர் உளர். சம்மாட்டி சாரம் உடுத்து மோட்டார் சைக்கிளில் வரக்கூடும். தொழிலாளியோடு ஒரே பீங்கானில் உண்ணவுங் கூடும். அமெரிக்க நூலார் கண்டால் அவரைச் சிக்கனமான செல்வந்தர் எனப் போற்றுவர். காரில் வருபவனையே சுரண்டுவோனாகக் காணப் பழகிய எமது எழுத்தாளன், அவரை உழைக்கும் மக்களுள் ஒருவராகவே எண்ணிவிடுவான். இருவரும் ஏமாறுவது ஒரே இடத்தில். அவருடைய மூலதனம் முற்றத்தில் நிற்பதில்லை. கடலிலும் கடன் கொப்பியிலும் இரவு லொறியிலும் அது இயங்கிக்கொண்டிருக்கிறது.

இதனாற் பகட்டு வாகனம் விமரிசனத்துக்குரியதன்று என நாம் கூறவில்லை. பற்றாக்குறையுள்ள நாடொன்றில் அது சமூக வளத்தின் விரயமே. ஆனால் விரயத்தைச் சாடுவதோடு நின்றுவிடும் எழுத்து ஒழுக்க போதனையாகச் சுருங்கிவிடுகின்றது. சிறிய காரில் வரும் முதலாளி நல்லவர், பெரிய காரில் வரும் முதலாளி தீயவர் என்னும் முடிவுக்கே அது இறுதியில் வாசகனை இட்டுச்செல்லும்.

தென்னை மொரிஸையும், மூடிய பொருளாதாரம் தலைமுறைச் சொத்தான பழைய காரையும், இறால் பஜேரோவையும், வரியட்டவணை சிற்றியந்திர வண்டியையும், அனுமதிப்பத்திரம் சொகுசு ஜீப்பையும் தந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் வண்டியைத் தெரிவு செய்தது செல்வந்தரின் கை. அக்கையை இயக்கியது அவரது உடைமை உருவான முறை. கற்பிட்டியைக் களமாகக் கொள்ளும் நாவல் எழுதப்படுமாயின், அதன் ஆசிரியர் முற்றத்திலுள்ள காரை ஒரு வரியிற் கடந்து, நள்ளிரவிற் பாலாவியை நோக்கிச் செல்லும் மீன் லொறியில் ஏறிக்கொள்ள வேண்டுமென்பது எமது வேண்டுகோள். அந்த லொறி செல்லும் வழியிலேதான் விலையும் கடனும் பங்கும் தீர்மானமாகின்றன.